நிறம் காட்டும் சூடும் கனமும்: வீட்டிலேயே சோதித்துப் பார்த்துப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கத்திரி வெயிலைக் கழித்தவர்களுக்கு, இரவு பத்து மணிக்கும் கூரை அனலை இறக்கிக்கொண்டே இருக்கும் என்பது தெரியும். அப்படிப்பட்ட என் அறைக்கு, பெயின்ட் கடையில் சொன்ன யோசனையைக் கேட்டு, ஒரு மே மாதத்தில் வெளிர் நீலம் அடித்தேன். முதல் நாள் உள்ளே நுழைந்தவர்கள் எல்லோரும் ‘ஜில்லென்று இருக்கிறதே’ என்றார்கள். சுவரில் தொங்கிய வெப்பமானியோ முந்தைய வாரம் காட்டிய அதே 34 டிகிரியைத்தான் காட்டியது. இரவுத் தூக்கமும் முந்தைய வாரத்தைப் போலவே வராமல் போக்குக் காட்டியது.

வந்தவர்கள் பொய் சொல்லவில்லை, வெப்பமானியும் பழுதாகவில்லை. நிறம் கண்ணுக்கு ஒன்றைச் சொல்கிறது, உடம்புக்கு வேறொன்றைச் சொல்கிறது, சில நேரங்களில் கைக்கு நேர்மாறாகவே சொல்கிறது. எடையிலும் இதே கதைதான். எந்த இடத்தில் எது செல்லுபடியாகும் என்பதை வீட்டிலேயே சோதித்து அறிந்து, சுவருக்கும் விளக்குக்கும் பெட்டிக்கும் நிறம் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: உண்மையான சூட்டையும் தோற்றச் சூட்டையும் பிரித்தல்

வெயில் நேராகப் படும் இடத்தில் நிறம் என்பது உணர்வைச் சார்ந்த விஷயமே அல்ல; அது சுத்தமான இயற்பியல். கறுப்புப் பூச்சு தன்மேல் விழும் சூரிய ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்ளிழுத்துக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளிழுக்கும். கறுப்பு இருக்கை போட்ட பைக்கை நண்பகலில் வெளியே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2013ஆம் ஆண்டு வெப்ப அலைகளுக்கெனத் திட்டம் வகுத்த அகமதாபாத், கூரைகளுக்கு வெள்ளை பூசுவதைப் பின்னர் அதில் சேர்த்துக்கொண்டதும், தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைகளுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

வெயில் படாத உட்சுவரில் இந்தக் கணக்கு செல்லாது. அறை வெப்பநிலையில் இருக்கும் சுவர் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாகவே வெளிவிடுகிறது. அந்தக் கதிர்களைப் பொறுத்தவரை சாதாரணப் பெயின்ட்டுகளில் சிவப்பு, நீலம், வெள்ளை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே உட்சுவரின் நிறத்தை மாற்றினால் மாறக்கூடியது தோற்றம் மட்டும்தான்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. ஒரு வெப்பமானியை வாங்கி, கூரையிலிருந்தும் சன்னலிலிருந்தும் தள்ளி, உட்காரும் உயரத்தில் மாட்டி, மூன்று நாட்கள் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குறித்துவையுங்கள். வெளியே குளிர்ந்த பிறகும் அறை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தால், குற்றவாளி கூரை. பெயின்ட் செலவை அறைக்குள் செய்யாமல் மாடியில் வெள்ளைப் பூச்சாகவோ வெதரிங் டைல்ஸாகவோ செய்வதே முறை. அறை அப்படியொன்றும் சூடாக இல்லை, ஆனால் நுழைந்தாலே புழுக்கமாகத் தோன்றுகிறது என்றால், காற்றோட்டத்தைச் சரிபார்த்த பிறகு அடுத்த படிகளுக்கு வரலாம்.

இரண்டாம் படி: ஒரு நிறத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தல்

நிறத்தைச் ‘சிவப்பு’, ‘நீலம்’ என்று பெயரால் மட்டும் எண்ணுவதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று குணங்கள் உண்டு: அது எந்த வண்ணம் என்பது ஒன்று, எவ்வளவு வெளிறியது அல்லது இருண்டது என்பது இரண்டு, எவ்வளவு செறிவானது என்பது மூன்று. ‘அடிக்கிற கலர்’ என்று பேச்சில் சொல்கிறோமே, அது இந்தச் செறிவைத்தான்.

சூடு, குளிர்ச்சி என்ற தோற்றம் பெரும்பாலும் முதல் குணமாகிய வண்ணத்தைப் பற்றிக்கொண்டு வருகிறது. நெருப்பின் பக்கம் நிற்கும் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் சூடு. நீரின் பக்கமும் நிழலின் பக்கமும் நிற்கும் நீலமும் நீலப்பச்சையும் குளிர்ச்சி. கனமோ அப்படியன்று. 1976இல் அலெக்சாண்டர், ஷான்ஸ்கி ஆகிய இருவர் இந்த மூன்று குணங்களையும் தனித்தனியே மாற்றிப் பார்த்தபோது, நிறம் இருளும்தோறும் கனமாகவும், செறியும்தோறும் கனமாகவும் தோன்றுகிறது என்று கண்டார்கள். அவற்றோடு ஒப்பிட வண்ணத்தின் பங்கு சிறியதாகவே இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு பின்கர்டனும் ஹம்ஃப்ரியும் வெளிர்மையைச் சமப்படுத்திச் செய்த சோதனையில் சிவப்பு மிகக் கனமாகவும் மஞ்சள் மிக இலேசாகவும் மதிப்பிடப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே வண்ணத்துக்குப் பங்கே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது.

தமிழ் இதை எப்போதோ கவனித்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இருண்டு செறிந்த நிறத்தை ‘அழுத்தமான நிறம்’ என்கிறோம். அழுத்தம் என்பது பாரத்தின் வேலை.

இந்தப் பிரிப்பால் கிடைக்கும் நடைமுறைப் பயன் பெரியது. சூட்டையும் கனத்தையும் தனித்தனியே திருப்பலாம். சூடாகவும் இலேசாகவும் தோன்ற வேண்டுமா, சந்தன மஞ்சளோ இளம் பீச்சோ போதும். குளிர்ச்சியாகவும் கனமாகவும் வேண்டுமா, கருநீலம் இருக்கிறது. குளிர்ச்சியும் இலேசும் வெளிர் நீலத்தில். சூடும் கனமும் மெரூனில். ஷேட் கார்டை விரிக்கும் முன் இந்த நான்கில் உங்களுக்கு எது வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கனத்தைச் சோதித்தல்

இந்த வழிகாட்டியின் சுவையான பகுதி இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும்.

இனிப்புக் கடையில் தரும் அரைக் கிலோ அட்டைப் பெட்டிகளில் ஒரே அளவுள்ள இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அரிசியை நிரப்பி, உள்ளே குலுங்காதபடி பஞ்சு வைத்து மூடுங்கள். ஒன்றைக் கறுப்புச் சார்ட் தாளாலும் மற்றதை வெள்ளைச் சார்ட் தாளாலும் சுற்றுங்கள். இரண்டும் ஒரே வகைத் தாளாக இருக்க வேண்டும், ஏனென்றால் வழுவழுப்பான பரப்பைப் பிடிக்க விரல்கள் கூடுதலாக அழுத்த வேண்டியிருப்பதால், அதே எடை கூடுதலாக உணரப்படும். சுற்றிய பிறகு சமையலறைத் தராசில் வைத்து, இரண்டும் ஒரு கிராம் வித்தியாசத்துக்குள் 400 கிராம் வரும்படி அரிசியைக் கூட்டிக் குறையுங்கள். தூக்கிப் பார்க்கும் எடையில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு மாறினாலே மனிதக் கை கண்டுகொள்ளும் என்று வெபர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காட்டியிருக்கிறார். 400 கிராமுக்கு அது 10 கிராம். தராசில் அலட்சியமாக இருந்தால் நிறத்தையன்று, அரிசியைத்தான் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். கடைசியாக இரண்டுக்கும் ஒரே நூலால் பிடி கட்டுங்கள்.

இப்போது ஆட்களை ஒவ்வொருவராக அழையுங்கள். நிறத்தைப் பற்றிய சோதனை என்று சொல்லக் கூடாது. ஐந்தாறு அடி தள்ளி நிறுத்தி, தொடாமல், எது கனமாகத் தெரிகிறது என்று முதலில் கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொண்ட பிறகு, நூற்பிடியை ஒரே கையால் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கச் சொல்லி, எது கனம் என்று மறுபடி கேளுங்கள். அடுத்த ஆளுக்கு இடவலத்தை மாற்றிவையுங்கள். முதலில் தூக்கும் பெட்டியையும் மாற்றுங்கள். பத்துப் பேராவது வேண்டும். பத்தில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கறுப்புப் பெட்டியையே சுட்டுவது, பூவா தலையா போட்டாலும் நூற்றில் ஐந்து முறைக்குச் சற்று மேல் தற்செயலாகவே நடக்கும். ஆகவே ஏழு பேர் சொன்னார்கள் என்று துள்ள வேண்டாம்.

முதல் கேள்விக்குக் கறுப்பு என்ற பதிலே மிகுதியாக வரும். இது 1907இல் எட்வர்ட் புல்லோ நிறங்களின் தோற்றக் கனத்தைப் பற்றி எழுதிய நாள்முதல் பலமுறை உறுதிப்பட்ட செய்தி. இரண்டாம் கேள்வியில்தான் வேடிக்கை. தூக்கியதும் பலர் தயங்குவார்கள். சிலர் வெள்ளைதான் கனம் என்பார்கள். 2010இல் பீட்டர் வாக்கரும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே சொல்கிறது: இருண்ட பொருள் பார்வைக்குக் கனமாகத் தெரிகிறது, தூக்கினால் இலேசாக உணரப்படுகிறது. இந்த விளைவு சிறியது என்பதால் பத்துப் பேரில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். 1917இல் டிகேம்ப் என்பவர் நிறம் பூசிய பொருள்களைத் தூக்கச் சொல்லிச் சோதித்தபோதும் நிறத்தால் பெரிய வேறுபாடு எதுவும் வரவில்லை. பார்வையில் பலமாக இருக்கும் விளைவு கையில் மெலிந்துவிடுகிறது, சற்றே தலைகீழாகவும் ஆகிறது என்பதே நினைவில் வைக்க வேண்டியது.

ஏன் தலைகீழாகிறது? இதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு. ஒரே எடையுள்ள சிறிய பெட்டியையும் பெரிய பெட்டியையும் தூக்கினால் சிறியதுதான் கனமாகத் தோன்றும். பிரான்ஸில் சார்பென்டியே 1891இல் எழுதியது இது. பெரியது கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கை வலுவாக இழுக்கிறது, பெட்டி எளிதாக வந்துவிடுகிறது, அதனால் இலேசாகத் தோன்றுகிறது என்ற விளக்கமே பாடப் புத்தகங்களில் இருக்கும். அது முழு உண்மையன்று. ஃப்ளானகனும் பெல்ட்ஸ்னரும் 2000ஆம் ஆண்டில் காட்டியபடி, சில முறை தூக்கியதும் கை தன் விசையைச் சரியாகத் திருத்திக்கொள்கிறது. ஆனாலும் மயக்கம் போவதில்லை. கை திருந்திய பிறகும் மனம் தன் எதிர்பார்ப்போடு ஒப்பிட்டே கனத்தைச் சொல்கிறது. நிறத்திலும் இதே ஒப்பீடுதான் நடக்கிறது என்று கொள்வது பொருந்துகிறது.

நான்காம் படி: சூட்டைச் சோதித்தல்

இது சற்றுப் பொறுமை கேட்கும் சோதனை. ஒரே மாதிரியான இரண்டு பீங்கான் கப்புகளைச் சிவப்புத் தாளாலும் நீலத் தாளாலும் சுற்றுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். அது வெப்பத்தை உடனே கைக்குக் கடத்திவிடும். வெயில் விழாத இடத்தில் மேசையைப் போடுங்கள். கைத்தோல் ஏறக்குறைய 33 டிகிரியில் இருக்கும்; ஆகவே தண்ணீரை 36 முதல் 38 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கொதிக்கும் தேநீரில் நிறம் தோற்றுப்போகும். ‘சூடா, இல்லையா’ என்று கை தயங்கும் எல்லையில்தான் அதற்கு வாய் உண்டு. கோடைக்காலத்து நம் அறைகளில் இந்தத் தண்ணீர் மெதுவாகவே ஆறும் என்பது, வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்.

இங்கும் முதலில் பார்வையால் மட்டும் கேளுங்கள். பிறகு ஒரே உள்ளங்கையால் ஒன்றைத் தொட்டு, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மற்றதைத் தொடச் சொல்லுங்கள். இடைவெளி விடாவிட்டால் முதல் கப்பின் சூடு தோலில் தங்கி இரண்டாவதைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் தண்ணீரை அளந்து புதிதாக ஊற்றுங்கள்.

பார்வைக்குச் சிவப்பே சூடு. யாரும் மறுக்க மாட்டார்கள். தொடும்போது என்ன ஆகிறது என்பதை ஜப்பானில் ஹோ, நிஷிதா முதலியோர் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: ஒரு பொருள் ‘சூடாக இருக்கிறது’ என்று சொல்லப்பட, நீலப் பொருளைவிடச் சிவப்புப் பொருள் ஏறக்குறைய அரை டிகிரி கூடுதலாகச் சூடாக்கப்பட வேண்டியிருந்தது. சிவப்பிடம் கை சூட்டை எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்த அளவு வராததால் ‘இல்லை’ என்கிறது. நீலத்திடம் எதிர்பார்ப்பு இல்லை, ஆகவே சிறிது சூடும் பெரிதாகத் தெரிகிறது. அதே ஆய்வில், பொருளுக்குப் பதிலாகத் தொடும் கையின் நிறத்தை மாற்றிக் காட்டியபோது விளைவு எதிர்த்திசையில் திரும்பியது என்பது அதைவிட வியப்பானது. அரை டிகிரி வேறுபாட்டை வீட்டில் பிடிப்பது எளிதல்ல. உங்கள் பத்துப் பேரில் ஐந்துக்கு ஐந்து என்று பிரிந்தால் அதுவே நேர்மையான விடை.

கனச் சோதனையும் சூட்டுச் சோதனையும் ஒரே உருவத்தில் வந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். கண் முன்கூட்டியே ஒரு விலை சொல்கிறது; கை பொருளை வாங்கிப் பார்த்துவிட்டு அந்த விலைக்கு இது குறைவு என்கிறது. ஆகவே எந்த நிறத் தேர்வுக்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பொருள் பார்ப்பதோடு நிற்குமா, கைக்கும் போகுமா என்பதே.

ஐந்தாம் படி: சுவருக்கு முன்னால் விளக்கு

சுவர் பார்ப்பதோடு நிற்கும் பொருள். ஆனால் இரவில் நீங்கள் பார்ப்பது சுவரின் நிறத்தையன்று, விளக்கு அதன்மேல் ஏற்றிய நிறத்தை. எனவே பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் பல்பை முடிவுசெய்யுங்கள்.

பல்பு அட்டையில் ஒளியின் நிறத்தை, வெப்பநிலையின் அலகான கெல்வினில் எழுதியிருப்பார்கள். 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட். 6500 என்றிருந்தால் நீலம் கலந்த கூல் டேலைட். எண் பெரிதாக இருப்பது ஏன் ‘கூல்’ என்று கடையில் குழம்பாதவர் குறைவு. இயற்பியலில் நீலம்தான் கூடுதல் சூடு: வானத்தில் செந்நிறமாகத் தெரியும் திருவாதிரையின் மேற்பரப்பு ஏறக்குறைய 3,500 கெல்வின், வெண்மையான நம் சூரியன் ஏறக்குறைய 5,800. சமையலறையிலும், நீலச் சுடரே நன்றாக எரிவது. மஞ்சள் சுடர் பாத்திரத்தில் கரி பிடிக்க வைப்பது. மனம் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. அது அடுப்புக் கங்கையும் குளத்து நீரையும் பார்த்துப் பழகியது.

விளக்கின் நிறம் உடம்பை எவ்வளவு ஏமாற்றும்? டென்மார்க்கில் ஃபாங்கரும் உடன் பணியாற்றியோரும் 1977இல் வெளியிட்ட சோதனையில், 16 பேரை மிகச் சிவந்த ஒளியிலும் மிக நீல ஒளியிலும் உட்காரவைத்து, விரும்பும் வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சிவப்பொளியில் அவர்கள் கேட்டது 0.4 டிகிரி மட்டுமே குறைவு. நடைமுறையில் இது பொருட்படுத்தத் தக்கதல்ல என்று அவர்களே எழுதிவிட்டார்கள். மின்விசிறியைக் கூட்டிவைத்தால் உடம்பு உணரும் வேறுபாடு இரண்டு டிகிரிக்கு மேல் இருக்கும். 2016இல் லண்டனில் 2700, 6500 கெல்வின் விளக்குகளை வைத்து, அறையை மெல்லக் குளிரவிட்டுச் செய்த ஆய்வில், மஞ்சள் ஒளியில் இருந்தவர்கள் கூடுதல் வசதியாக உணர்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது குளிரும் அறை. நம் வெக்கைக்கு அதை அப்படியே தலைகீழாக்கிப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

ஆகவே என் பரிந்துரை இது: இரண்டு வகை பல்பிலும் ஒவ்வொன்று வாங்கி, ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பகலில் வேலை நடக்கும் அறைக்கு 4000 கெல்வின் அளவு நடுநிலையானது. உதகையிலோ கொடைக்கானலிலோ வீடு என்றால் 2700 பொருந்தும், படுக்கையறைக்கும் அதுவே. வீடு முழுவதும் 6500 போட்டுவிட்டு, பிறகு ஹாலில் இதமான தோற்றம் வரவில்லையே என்று சுவரைக் குறைசொல்வதுதான் நான் அடிக்கடி காண்பது.

ஆறாம் படி: சுவர், கூரை, தரை

தேர்ந்தெடுத்த பல்பின் கீழ், இரண்டடிச் சதுர அட்டையில் பெயின்ட்டை இரு கோட் பூசி, சுவரில் சாய்த்து, காலை, பிற்பகல், இரவு மூன்று வேளையும் பாருங்கள். ஷேட் கார்டின் தபால்தலை அளவுச் சதுரத்தை நம்ப வேண்டாம். நான்கு சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஒளியைத் திருப்பி வீசும்போது நிறம் கூடுதலாகச் செறிந்துவிடும்.

கனத்துக்கு விதி எளிது: இருண்டது கீழே, வெளிர்ந்தது மேலே. இருண்டதை மேலே வைத்தால் உருவம் தலைப்பாரமாகத் தெரியும் என்பதைப் புல்லோவே கவனித்திருந்தார். நம் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையும் சுண்ணாம்புச் சுவரும் இந்த வரிசையில்தான் இருந்தன. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சுவரின் கீழ்ப்பாதியில் அடர் நிறம் அடிப்பது அழுக்குத் தெரியாமல் இருக்கத்தான். அது அறையைத் தரையில் ஊன்றவும் செய்துவிடுகிறது. ஒன்பதடி உயரம்கூட இல்லாத ஃபிளாட்டில் கூரைக்கு அடர் நிறம் அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பரணும் மேல் அலமாரிகளும் கூரையின் நிறத்திலேயே இருந்தால் தலைமேல் தொங்கும் பாரம் குறைந்ததுபோல் இருக்கும்.

ஏழாம் படி: கைக்குப் போகும் பொருள்கள்

சிறு தொழில் செய்து பொருளைப் பெட்டியில் விற்பவர்களுக்கு இது முக்கியம். அலமாரியில் இருக்கும்போது கறுப்புப் பெட்டி ‘உள்ளே சரக்கு இருக்கிறது’ என்று சொல்லும். வாங்குபவர் தூக்கிப் பார்த்தால் அந்தச் சொல் சற்றே திரும்பி அடிக்கும். ஆன்லைனில் படத்தை மட்டும் பார்த்து வாங்கும் பொருளுக்கு அடர் நிறம் சரி. கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் நெய் டப்பாவுக்கோ தேன் பாட்டிலுக்கோ, வெளிர் நிறத்தில் எழுத்து மட்டும் அழுத்தமாக இருப்பது நல்லது.

கறுப்புப் பெட்டிகளுக்கு வெளிர் பச்சை அடித்ததும் தொழிற்சாலைச் சுமைத் தொழிலாளர்கள் முதுகுவலி என்று முணுமுணுப்பதை நிறுத்தினார்கள் என்ற கதை பல புத்தகங்களில் சுற்றிவருகிறது. நாள் முழுக்கத் தூக்குபவரின் கையை நிறம் ஏமாற்றும் என்பதை மேலே கண்ட தூக்கும் சோதனைகள் தாங்கவில்லை, நான் நம்புவதில்லை. மூட்டைக்கும் பெட்டிக்கும் எடையைக் கிலோவில் பெரிதாக எழுதுங்கள். வெள்ளைப் பெட்டி கனமான பொருளைத் தாங்கியிருந்தால் அது இன்னும் அவசியம். பார்த்ததும் இலேசு என்று எண்ணி முழங்காலை மடக்காமல் தூக்கப் போகிறவரின் இடுப்புக்குத்தான் அந்த எண் தேவை.

சூடான பொருளில் நிறத்தோடு விளையாடக் கூடாத இடமும் உண்டு. கீசர் குழாய்க்கும் குடிநீர் இயந்திரத்துக்கும் சிவப்பு என்றால் வெந்நீர், நீலம் என்றால் தண்ணீர். குளியலறையின் நீல ஓடுகளுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று வெந்நீர்க் குழாயின் சிவப்புப் புள்ளியைப் பிடுங்கிப்போட்ட வீட்டை நான் பார்த்திருக்கிறேன். விருந்தாளியாகப் போய்க் குழாயைத் திறந்ததும் என் கைதான் அங்கே எல்லையைக் கண்டுபிடித்தது.

என் மாடி அறைக்கு, அடுத்த ஆண்டு பங்குனியிலேயே மேல்தளத்தில் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டேன். உள்ளே அந்த வெளிர் நீலத்தை மாற்றவில்லை.